கரைந்து வளரும் கல்

நுழையும்முன்
சுவரோவியம் ஒன்று பல நூற்றாண்டுகள் நிலைப்பதற்கும் கடலோரத்தில் கல் விளைவதற்கும் வேதியியல் உறவு உண்டு. இயற்கை தன் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் முறையை அவ்வுறவின் வழியே விளக்குகிறது இக்கட்டுரை.

சுவரில் உறைந்த கல்
செஞ்சிக்கு அருகிலுள்ள பனமலையில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோவில் உள்ளது. அங்குள்ள சிற்றாலயம் ஒன்றின் சுவரில், குடை நிழலில் ஒரு காலை மடித்து நிற்கும் உமையின் ஓவியம் ஏறத்தாழ 1300 ஆண்டுகளைக் கடந்தும் காட்சி தருகிறது. அதனைத் தாங்கி நிற்பது சுண்ணச்சாந்து. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு, நீற்றிச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. கல்லாயிருந்தது கல்லாகவே திரும்புகிறது.

தீராப் புதிர்
கால்சியம் கார்பனேட் இவ்வாறு எளிதில் உருவாகிறது. கால்சியத்துடன் மெக்னீசியமும் சேர்ந்த டோலமைட்டோ அவ்வாறன்று. பிரான்சு நாட்டு அறிஞர் தொலோமியே 1791இல் இக்கல்லைப் பற்றி எழுதினார்; அவர் பெயரே கல்லுக்கும் அமைந்தது. தொன்மையான பாறைகளில் டோலமைட் மலைமலையாகக் குவிந்துள்ளது. இன்றைய கடல்நீரில் அதற்குரிய பொருள்கள் மிகுந்திருந்தும் அது அரிதாகவே தோன்றுகிறது. 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் அதனை உருவாக்க அமெரிக்க அறிவியலாளர் லிண்டன் லேண்டு 32 ஆண்டுகள் காத்திருந்தும் பயன் கிட்டவில்லை. அத்தோல்வியை அவர் 1998இல் வெளிப்படையாகப் பதிவுசெய்தார்.

கரைதலே வளர்தல்
டோலமைட் படிகத்தில் கால்சிய அடுக்கும் மெக்னீசிய அடுக்கும் மாறிமாறி அமைதல் வேண்டும். நீரிலிருந்து வந்து படியும் அயனிகளோ இடம் மாறி அமர்ந்துவிடுகின்றன. அந்த ஒழுங்கின்மை அடுத்த அடுக்கைத் தடுக்கிறது. இம்முடிச்சை மிச்சிகன், ஒக்கைடோ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2023இல் அவிழ்த்தனர். தவறாக அமர்ந்த அயனிகள் உறுதி குறைந்தவை. ஆகவே அவையே முதலில் கரையும். மழையும் கடலின் ஏற்றவற்றமும் படிகத்தை மீண்டும் மீண்டும் கழுவும்போது பிழைகள் நீங்க, ஒழுங்கான அடுக்குகள் எஞ்சுகின்றன. ஆய்வகத்தில் எலக்ட்ரான் கற்றையை இரண்டு மணி நேரத்தில் 4000 முறை துடிப்புகளாகச் செலுத்திப் பிழைகளைக் கரைத்தனர். அதற்குமுன் ஐந்து அடுக்குகளைத் தாண்டாத படிகம் ஏறத்தாழ 300 அடுக்குகள் வளர்ந்தது.

நீரின் இரு முகம்
கல்லை வளர்க்கும் நீரே கல்லைத் தின்னவும் செய்யும். கார்பன் டை ஆக்சைடு கலந்த மழைநீர் சுவரில் கசிந்தால் சுண்ணச்சாந்து சிறிது சிறிதாகக் கரையும். கடலோரத்தில் கரைந்த கல்லை அடுத்த அலை ஈடுசெய்யும். பனமலையில் உதிர்ந்த வண்ணத்தை மீட்டுத்தர எந்த அலையும் வாராது. ஆகவே, கூரையின் ஒழுக்கை அடைப்பதும் சுவரைத் தொடாது காண்பதும் நம் கடமையாகும்.

கற்பவை கற்றபின்...
1. உங்கள் ஊரிலுள்ள பழைய சுண்ணச்சாந்துக் கட்டடம் ஒன்றில் நீர்க்கசிவின் தடங்களைக் கண்டு குறிப்பெழுதுக.
2. ‘தோல்வியைப் பதிவுசெய்வதும் அறிவியலே’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.