திக்கும் கல்யாண டிவிடி

தேவனாம்பட்டினத்தில் யார் வீட்டுக் கல்யாண டிவிடி திக்கினாலும், முதலில் கடையில் வாங்கிய சினிமா டிஸ்க்கைத்தான் அந்தப் பிளேயரில் போட்டுப் பார்ப்பேன். அதுவும் நின்றால் லென்ஸைத்தான் சந்தேகிப்பேன். கடலோர வீட்டில் உப்பும் ஈரமும் சும்மா விடாது. சினிமா ஓடி, கல்யாணம் மட்டும் நின்றால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கும் அச்சு டிஸ்க்கில் தகவல் நுண்ணிய பள்ளங்களாக இருக்கும். கல்யாண டிவிடி போல நாம் எழுதும் டிஸ்க்கில் லேசர் ஒரு சாயப்படலத்தைச் சுட்டுக் குறி வைக்கிறது; பழைய பிளேயர் அதைப் படிக்கத் திணறும். மலிவு டிஸ்க்கில் 16 எக்ஸ் வேகத்தில் எழுதினால் இன்னும் மோசம். 4 அல்லது 8 போதும். எழுதி முடித்ததும் டிஸ்க்கை ஃபைனலைஸ் செய்து மூடியாயிற்றா என்றும் பாருங்கள். துடைப்பதானால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு. வட்டமாக வேண்டவே வேண்டாம்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்த ஊர் இது; வீட்டில் இருப்பதை மட்டும் நம்ப முடியாது. டிஸ்க் நன்றாக ஓடும்போதே கணினியில் நகலெடுத்து, ஒரு பிரதியை வெளியூர் உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.