இரண்டு லைன், ஒரு பெயர்

2001 ஜனவரி 23 மாலை, மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் ரூட்டர் அமைப்பில் ஒரு மாற்றம் செய்தார். அதன்பின் ஏறக்குறைய ஒரு நாள் அந்த நிறுவனத்தின் தளங்களைப் பலரால் திறக்க முடியவில்லை. தளங்களைத் தாங்கிய கணினிகள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. பெயரைக் கேட்டால் ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்களை எட்டத்தான் வழியில்லை. அவை நான்கு இருந்தும், நான்கும் ஒரே இடத்தில் ஒரே வழியை நம்பி நின்றன. இவற்றை வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு இணைப்புகளில் வையுங்கள் என்று ஆர்எஃப்சி 2182 என்ற ஆவணம் 1997-லேயே சொல்லியிருந்தது.

இன்று சிறு அலுவலகங்கள்கூட இரண்டு கம்பெனிகளிடம் நெட் வாங்குகின்றன. ஒன்று போனால் ரூட்டர் தானாக மற்றதற்கு மாறிவிடும். ஆனால் கணினிகள் பழைய கம்பெனியின் டிஎன்எஸ் சர்வரையே கேட்டுக்கொண்டிருந்தால் சிக்கல். பிற கம்பெனி லைனிலிருந்து வரும் கேள்விக்கு அது பெரும்பாலும் பதில் தராது. ரூட்டரில் பச்சை விளக்கு எரியும், ஒரு தளமும் திறக்காது. 8.8.8.8, 1.1.1.1 என வெவ்வேறு நிறுவனங்களின் பொது சர்வர்கள் இரண்டைக் கொடுத்துவைத்தால் இது தீர்ந்தது.

அலுவலகத்திலேயே ஓடும் தளத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பாடுதான் கஷ்டம். ஒவ்வொரு கம்பெனியும் தன் தொகுப்பிலிருந்துதான் ஐபி முகவரி தரும். லைன் அறுந்தால் அந்த முகவரியும் செத்தது. பெரிய நிறுவனங்கள் சொந்த முகவரித் தொகுப்பு வாங்கி, இரண்டு லைன் வழியாகவும் அதை அறிவித்துவிடுகின்றன. மற்றவர்களுக்கு டிஎன்எஸ்தான் கதி.

ஒரே பெயருக்கு இரண்டு முகவரிகளையும் எழுதிவிடலாமே என்று தோன்றும். எழுதலாம், ஆனால் எந்த லைன் உயிரோடு இருக்கிறது என்பது டிஎன்எஸ்ஸுக்குத் தெரியாது. இரண்டையும் மாறி மாறி நீட்டும். பிரவுசர்கள் ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதைத் தட்டிப் பார்க்கும், எல்லா மென்பொருளுக்கும் அந்தப் பொறுமை இல்லை. அதனால் வெளியே ஓரிடத்திலிருந்து லைனைச் சோதித்து, செத்த முகவரியை நீக்கும் சேவை தேவை. இங்கேதான் டிடிஎல் குறுக்கே வரும்: ஒரு பதிலை எத்தனை வினாடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண். அது 86,400 என்றிருந்தால், நீங்கள் மாற்றிய பிறகும் ஒரு நாள் வரை பழைய முகவரிக்கே ஆட்கள் போய்க்கொண்டிருப்பார்கள். 300 ஆக்கினால் ஐந்து நிமிடம். லைன் அறுந்த பிறகு குறைத்துப் பயனில்லை. மின்னஞ்சலுக்கு மட்டும் இவ்வளவு அவஸ்தை கிடையாது; முதல் சர்வர் எடுக்காவிட்டால் இரண்டாவதற்குப் போகும் முறை அதில் 1986-லேயே வந்துவிட்டது.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் காணாமல் போனது. அதன் டிஎன்எஸ் சர்வர்கள் பல இடங்களில் பரவியிருந்தன. ஆனால், தரவு மையத்தோடு தொடர்பு அற்றால் தன் முகவரி அறிவிப்பைத் திரும்பப் பெறவேண்டும் என்ற ஒரே விதி எல்லாவற்றிலும் இருந்தது. பராமரிப்பின்போது தவறான ஒரு கட்டளை உள்வலையைத் துண்டித்ததும், எல்லாம் சேர்ந்தே விலகிக்கொண்டன.

உங்கள் அலுவலகத்தில் இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு ஆள் குறைந்த ஒரு மாலையில் முதல் லைனைப் பிடுங்கிவிட்டு, செல்போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள்.