ஆராய்ச்சிக்கு மட்டும்

திருப்பூணித்துறையில் வசிக்கும் நம் சங்க உறுப்பினர் ஒருவர் அண்மையில் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். அவருடைய பேத்திக்கு கௌச்சர் நோய். மருந்தின் விலையைக் கேட்டதிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை. இணையத்தில் தேடியதில் அதே பெயருள்ள மனித நொதி சிறு குப்பியில் சில பத்தாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பதைக் கண்டிருக்கிறார். "ஏன் ஸார், இதையே வாங்கிப் போடக் கூடாதா?" என்றார். குப்பியின் படத்தின் அடியில் பொடி எழுத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று இருந்தது.

நியாயமான கேள்விதான். ஆகவே சற்று விவரமாகவே எழுதுகிறேன்.

நொதி (என்சைம்) என்பது உடலில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் புரதம். செத்த இரத்த அணுக்களிலிருந்து வரும் ஒருவகைக் கொழுப்பை உடைக்கும் நொதி இந்தக் குழந்தைகளிடம் போதிய அளவு வேலை செய்வதில்லை. கொழுப்பு தேங்கி மண்ணீரலும் கல்லீரலும் வீங்கும், எலும்பு வலிக்கும். 1882இல் பிரெஞ்சு மருத்துவர் கௌச்சர் நோயை விவரித்தார். காரணம் நொதிக்குறைவு என்று அமெரிக்காவின் ராஸ்கோ பிரேடி 1960களில் கண்டுபிடித்தார்.

குறைந்ததை வெளியிலிருந்து கொடுக்கலாமே? முதலில், பிரசவத்துக்குப் பின் வரும் நஞ்சுக்கொடியிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1991இல் அனுமதி பெற்ற அந்த மருந்துக்கு, ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கே இருபதாயிரம் நஞ்சுக்கொடிகள் வரை வேண்டியிருந்ததாம்! எத்தனை பிரசவ வார்டுகள்! அதனால் மனித மரபணுவை எடுத்து, சீன வெள்ளெலியின் சூலகச் செல்களில் புகுத்தி, தொட்டிகளில் வளர்த்து நொதியைச் செய்யத் தொடங்கினார்கள். 1994இல் அதற்கும் அனுமதி கிடைத்தது.

புரதம் மட்டும் இருந்தால் போதாது. அதன்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனியைச் செதுக்கி விட்டால்தான் மண்ணீரலில் உள்ள செல்கள் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆய்வுக்கூடக் குப்பிக்கு அந்தச் செதுக்கல் தேவையில்லை. பாக்டீரியாவில் செய்ததென்றால் சர்க்கரையே இராது. பாக்டீரியாவின் நச்சுப்பொருள் மிச்சமிருந்தால் இரத்தத்தில் ஏறியதும் கடும் காய்ச்சல் வரும். சோதனைக்குழாய்க்குக் காய்ச்சல் வராது அல்லவா?

கணக்கையும் பாருங்கள். 20 கிலோ குழந்தைக்கு முழு அளவில் கொடுத்தால் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம். அவர் கண்ட குப்பியில் இருந்தது 10 மைக்ரோகிராம். ஒரு ஊசிக்கு மூவாயிரம் குப்பிகள்! இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வேறு.

ஆராய்ச்சி நொதியின் பயன் வேறிடத்தில். 2009இல் டொரன்டோ விஞ்ஞானிகள், ஏற்கெனவே புழக்கத்திலுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை இந்த நொதியோடு சேர்த்துச் சோதித்தார்கள். நொதி கெடாமல் தாங்கிப் பிடித்தது எது தெரியுமா? நம் வீட்டு இருமல் மருந்திலுள்ள அம்பராக்ஸால். அதற்காக, இருமல் மருந்தை அதிகம் ஊற்றிக் கொடுத்துவிட வேண்டாம்!

2021இல் வந்த மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கையின்படி, அங்கீகரிக்கப்பட்ட மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழியுண்டு. கேரளத்துக்கு அந்த மையம் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை. பெரியவரை அங்கே போகச் சொன்னேன்.

மகனும் மருமகளும் அத்தை மகன், மாமன் மகள் என்றார். பெற்றோர் இருவரிடமும் பழுதான மரபணு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம். அதனால் கைக்குழந்தையான பேரனையும் கூடவே கூட்டிப் போகிறார்கள்.