பதினைந்தாவது எழுத்து எங்கே போனது?

அலுவலகப் பொது அஞ்சல் பெட்டியில் கிடந்த ஒரு வரைவை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து திருத்தினால், கடைசியில் இரண்டு வரைவுகள் நிற்கின்றனவே, ஏன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பல அஞ்சல் செயலிகள் பயன்படுத்தும் ஐமேப் நெறிமுறையில், சேமித்த மடலைத் திருத்தவே முடியாது. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் புது எண்ணோடு புது மடல் உள்ளே போகிறது, பழையது அழிக்கப்படுகிறது. இருவர் சேமித்தால் இரண்டு புது மடல்கள். அவ்வளவுதான் விஷயம்.

கூகுள் டாக்ஸில் மின்னஞ்சல் வரைவைப் பலர் சேர்ந்து எழுதி ஜிமெயிலுக்கு மாற்றும் வசதி 2022இல் வந்தது. அங்கே இந்தக் குழப்பம் நேர்வதில்லை. அதற்குக் காரணமான கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது.

வரைவில் இருப்பது 'நாளை விடுமுறை இல்லை'. நீங்கள் 'இல்லை'யை நீக்குகிறீர்கள். கணினி அனுப்பும் கட்டளை: 15ஆம் இடத்திலிருந்து 5 குறிகளை நீக்கு. யூனிகோடில் 'ளை' என்பது ஒன்றல்ல, இரண்டு குறிகள். அதே நொடியில் உங்கள் சகா தொடக்கத்தில் 'அன்பர்களே, ' என்று 11 குறிகளைச் சேர்த்துவிட்டார். உங்கள் கட்டளை அவர் கணினியில் அப்படியே நிறைவேறினால் 'அன்பர்களே, நாளுமுறை இல்லை' என்று ஆகிவிடும்!

ரேஷன் கடை வரிசையில் '15ஆவது ஆளைக் கூப்பிடு' என்று சொல்லியனுப்புகிறோம். சேதி போய்ச் சேர்வதற்குள் முன்னால் 11 பேர் புகுந்துவிட்டார்கள். நாம் தேடும் ஆள் இப்போது 26ஆவது. வந்த கட்டளையை இப்படித் திருத்தி நிறைவேற்றுவதே செயல்பாட்டு மாற்றம் என்னும் முறை. மேலே 'நாளுமுறை'யில், 'டு'வின் அம்மாவான 'ட' வெளியேற, இடுப்பிலிருந்த உகரக் குழந்தை முன்னால் நின்ற 'ள'வின் இடுப்பில் ஏறிக்கொண்டது, கவனித்தீர்களா? இன்னொரு முறையில் எண்ணே கிடையாது. ஒவ்வோர் எழுத்துக்கும் நிரந்தர டோக்கன். நீங்கிய எழுத்தின் இடத்தில்கூட ஒரு கல் இருக்கும், பின்னால் நிற்பவருக்குத் தம் இடம் தெரிய.

வரலாறு சுருக்கமாக: எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் 1989இல் இவற்றில் முதல் முறையை வெளியிட்டார்கள். சில சூழல்களில் அது பிசகியது. பின்னால் வந்தவர்கள் சரிசெய்தார்கள். புத்தம்புதிய தொழில்நுட்பம் என்று விளம்பரம் சொன்னால் அந்த 1989ஐ நினைத்துப் பாருங்கள்.

'இனிப் பிழைக்கே இடமில்லை' என்பதையும் நான் ஏற்கமாட்டேன். இந்தக் கணக்கு உறுதியளிப்பது ஒன்றைத்தான்: கடைசியில் இருவர் திரையிலும் ஒரே வாசகம் இருக்கும். அது சரியான வாசகமா என்பது அதன் கவலை அல்ல. 'இல்லை'யைப் பார்த்த சகா கடைசியில் 'என்பதை அறியவும்' என்று சேர்க்கிறார். அதே நொடியில் நீங்கள் 'இல்லை'யை நீக்குகிறீர்கள். இரு திரையிலும் 'நாளை விடுமுறை என்பதை அறியவும்'. இலக்கணம் சுத்தம், கணக்கும் சுத்தம். வேலை நாள் என்று எழுதியவர் விடுமுறை என்று அறிவித்துவிட்டார். ஆகவே இருவரும் கையை எடுத்த பிறகு, யாராவது ஒருவர் முதலிலிருந்து முழுதாக வாசித்துவிட்டே அனுப்ப வேண்டும். ஜிமெயில் தரும் 'அனுப்பியதை நிறுத்து' வசதிகூட, மடலை அதிகபட்சம் 30 நொடி பிடித்து வைத்திருப்பதுதான். அதன்பின் அது அடுத்தவர் சேவையகத்துக்குப் போய்விடும்.