அச்சுத்தண்டின் ரப்பர் உறை

சென்ற மழைக்காலத்தில் தணிக்கைப் பணி முடித்து, கீரிப்பாறையிலிருந்து தடிக்காரன்கோணம் வழியாக வடசேரிக்குத் திரும்பும் வேளையில், ரப்பர் பயிரிடும் அங்கத்தினர் ஒருவரின் நான்கு சக்கர இயக்க வண்டியில் பிரயாணம் செய்ய நேர்ந்தது. பின்புறத்தில் உலர்ந்த ரப்பர் ஷீட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. வளைவு வரும்போதெல்லாம் முன்பக்கத்திலிருந்து ‘டக், டக்’ என்றொரு ஓசை எழுந்தது. நேர்ப்பாதையில் அது அடங்கிவிடும். அதுபற்றி வினவினோம். “அது ரெண்டு மாசமா அப்படித்தான் சாரே, ஓட்டத்துக்கு ஒண்ணும் குறைவில்ல” என்றார் அன்பர்.

வடசேரிக்கு வந்து இறங்கியதும் குனிந்து பார்த்தோம். வலது முன்சக்கரத்தின் உட்புறம் முழுவதும் கறுத்த கிரீஸ் தெறித்து, அதன் மேல் மலைப்பாதையின் செம்மண் அப்பியிருந்தது. சக்கரத்திற்குப் பின்னே, அச்சுத்தண்டின் முனையைப் போர்த்தியிருக்கவேண்டிய மடிப்பு மடிப்பான ரப்பர் உறை, ஒரு மடிப்பின் நெடுகிலும் கிழிந்து வாய் பிளந்து நின்றது. இடது பக்கத்து உறையிலோ சிறு கீறல் மட்டுமே. கிரீஸ் அப்போதுதான் கசியத் தொடங்கியிருந்தது. இவ்விரண்டு நிலைக்கும் உள்ள வேற்றுமையே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இவ்வுறையைப் பட்டறைகளில் ‘பூட்’ என்பர். பேச்சு வழக்கில் அது ‘பூட்டு’ ஆகிவிடும். கதவுப் பூட்டைப் போலவே இதுவும் காவற்பொருள்தான் என்பதால் அப்பெயரில் நமக்குக் குறையொன்றுமில்லை. அது காப்பது எதனை? முன்சக்கரம் திரும்பவும் வேண்டும், மேலும் கீழும் அசையவும் வேண்டும், அதே சமயம் எஞ்சினின் விசையால் சுழலவும் வேண்டும். சிலுவைக் கட்டையிட்ட சாதாரண யூ ஜாயிண்ட் வளைந்த நிலையில் சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தாழ்ந்தும் ஓடும். இக்குறை நீங்க, 1920களில் ஆல்பிரட் ரெசெப்பா என்னும் பொறியாளர் ஆறு எஃகுக் குண்டுகளைக் கொண்ட இணைப்பொன்றை வகுத்தார். உள்வளையத்திற்கும் வெளிக்கிண்ணத்திற்கும் இடையேயுள்ள பள்ளங்களில் குண்டுகள் ஓடுகின்றன. ஒரு கூடு அவற்றை எப்போதும் வளைவுக் கோணத்தைச் சரிபாதியாகப் பகுக்கும் தளத்தில் நிறுத்துகிறது. ஆகவே எவ்வளவு திரும்பினும் சுழற்சி வேகம் மாறுவதில்லை. சமவேக இணைப்பு, அதாவது சி.வி. ஜாயிண்ட், என்பது இதுவே. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி காரும், 1983-இல் நம் நாட்டில் வந்த மாருதி 800-உம் முன்சக்கரத்தால் இயங்கியவை. அவற்றாலேயே இது சாமானியர் வண்டிக்கு வந்தது எனலாம். குண்டும் பள்ளமும் உராயும் இடத்தில் கிரீஸ் இருக்கும்வரை இணைப்பு நெடுங்காலம் உழைக்கும். உறை கிழிந்தால் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியேறும். அவ்விடத்தில் நீரும் மணலும் புகும். அதன்பின் நடப்பது அம்மியில் அரைப்பதற்கு ஒப்பானதே.

ரப்பர் பயிரிடும் அங்கத்தினர்க்கு இங்கே ஒரு செய்தி உண்டு. நம் மலையடிவாரத்து மரங்கள் தரும் இயற்கை ரப்பர் இவ்வுறைக்கு ஏற்றதன்று. மிகுந்த பாரத்தையும் சூட்டையும் தாங்கவேண்டிய லாரி டயருக்கும் விமான டயருக்கும் அதற்கு நிகர் இல்லை. ஆயினும் கனிம எண்ணெய் பட்டால் அது ஊதிப்போகும். காற்றிலுள்ள ஓசோன் பட்டு, இழுபட்ட மடிப்புகளில் வெடிக்கும். 1930-இல் அமெரிக்காவின் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் உருவான குளோரோபிரீன் என்னும் செயற்கை ரப்பரில் குளோரின் அணு அமைந்திருத்தலால், அது எண்ணெயையும் ஓசோனையும் வெகுவாகத் தாங்கும். உறைகள் பெரும்பாலும் இதனால் ஆனவை. பிற்காலத்தவை பல வெப்பத்தால் இளகும் பிளாஸ்டிக் ரப்பரால் ஆனவை. கடையில் வாங்கும்போது, வண்டியின் மாதிரியையும் ஆண்டையும் சொல்லிப் பொருத்தமானதைக் கேட்டு வாங்குக. உறையோடு அளவிட்ட கிரீஸ் பொட்டலமும் இரு கிளிப்புகளும் வரும். வெட்டி ஒட்டும் உறைகளும் விற்கின்றனர்; அவசரத்துக்கு ஊர் வந்து சேர உதவலாம், மலைப்பாதைக்கு அவற்றை நாம் நம்புவதில்லை.

எல்லா நான்கு சக்கர இயக்க வண்டிக்கும் இவ்வேலை இல்லை. பழைய வில்லிஸ் ஜீப்பிலும் மாருதி ஜிப்ஸியிலும் முன் அச்சு ஒரே குழாயாய் விறைத்து நிற்கும். அவற்றின் இணைப்பு இரும்புக் கோளத்துள் அடங்கியிருப்பதால் வெளியே ரப்பர் உறை கிடையாது. 2010-இல் வந்த தார் போன்ற, முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் வண்டிகளிலேயே இதனைக் காணலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வடசேரியில் நம் வீட்டு முற்றத்தில் வேலையைத் தொடங்கினோம். சிமெண்டுத் தளம் சமமாயிருந்தது. மண் தரையில் இதனைச் செய்யலாகாது. முதலில் வண்டி தரையில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, அச்சுமுனையின் பெரிய நட்டைத் தளர்த்தினோம். பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் உயர்த்தி, சட்டத்தின் கீழ் இரு இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தினோம். அங்கத்தினர் தென்னந்தடி கொண்டுவர முன்வந்தார், மறுத்துவிட்டோம். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல்லையும் மரத்தடியையும் நம்பியோ வண்டிக்கடியில் தலை நுழைப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

சக்கரத்தையும் பிரேக் காலிப்பரையும் கழற்றி, காலிப்பரைக் கம்பியால் மேலே கட்டினோம். அதன் குழாயில் தொங்கவிட்டால் குழாய் கெடும். ஸ்டியரிங் கம்பியின் முனையையும் பந்து மூட்டையும் விடுவித்து, முனையைப் பின்னுக்குத் தள்ளியதும் தண்டு வெளிவந்தது. உட்பக்கத்தில் டிப்பரன்ஷியலிலிருந்து எண்ணெய் ஒழுகுமாதலால் கீழே தட்டு வைத்திருந்தோம். தண்டில்லாமல் வண்டியைச் சக்கரத்தில் இறக்கி உருட்டலாகாது. பல வண்டிகளில் சக்கரத்தின் பேரிங்கை இறுக்கிப் பிடிப்பது அந்தத் தண்டும் நட்டுமே.

பழைய உறையை அறுத்தெறிந்து, மரச்சுத்தியால் தட்டி வெளி இணைப்பைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவினோம். துடைப்பதற்கு அண்டை வீட்டு நெசவாள அன்பர் ஒரு கைப்பிடிக் கழிவு நூலைக் கொடுத்தார். அது கூடாது. நூற்பிசிறு குண்டுகளின் இடுக்கில் சிக்கிக்கொள்ளும். துவைத்துப் பழகிய பழைய வேட்டியே இதற்கு உகந்தது. அதனையும் அவரே எடுத்து வந்தார்.

இடப்பக்கத்து இணைப்பின் பள்ளங்கள் கண்ணாடிபோல் மின்னின. வலப்பக்கத்திலோ இரு பள்ளங்களில் நகம் இடறும் குழிகள். ஒரு குண்டின் முகமும் பெயர்ந்திருந்தது. அங்கே புது உறை மாட்டுவது பிணத்துக்கு அணி பூட்டுவதாகும். இடப்பக்கச் செலவு சில நூறு ரூபாய். வலப்பக்கமோ புது இணைப்புக்குச் சில ஆயிரங்கள். அன்பர் சற்று நேரம் பேசாமல் நின்றார். அந்த மாதத்து ஷீட்டு விற்ற பணத்தில் ஒரு பகுதியை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கியிருந்ததைப் பின்னர்தான் சொன்னார்.

அடுத்தது நம் பிழை. மாலிப்டினம் கலந்த கிரீஸைக் குண்டுகளுக்கிடையே அழுத்தி நிரப்பி, இடது இணைப்பைத் தண்டில் ஏற்றினோம். சர்க்ளிப் ‘கிளிக்’ என அமர்ந்தது. மகிழ்ச்சியோடு திரும்பினால், புது உறை சாக்கின்மேல் அப்படியே கிடக்கிறது. முதலில் சிறிய கிளிப்பு, பிறகு உறை, அதன்பின்னரே இணைப்பு எனும் வரிசை எழுத்தில் நமக்குத் தெரிந்ததுதான். மீண்டும் தட்டிக் கழற்ற அரை மணி நேரமாயிற்று. பிறர் கணக்கில் பிழை காண்பதைத் தொழிலாகக் கொண்ட நம்மைப் பார்த்து நெசவாள அன்பர் சிரித்ததில் நியாயம் இருந்தது.

உறையை அதற்குரிய பள்ளத்தில் அமர்த்தி, பெரிய கிளிப்பை இறுக்கியபின், சிறிய வாயை மெல்லத் தூக்கி உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றி, அதன் பின்னரே சிறிய கிளிப்பை இறுக்குக. காற்று தங்கினால் உறை உப்பி, மடிப்பு உராய்ந்து மீண்டும் கிழியும். அச்சு நட்டு ஒருமுறை கழற்றினால் புதிதாகவே இடத்தக்கது. பல வண்டிகளில் அதற்கு 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்கு வேண்டும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவை முறுக்குமானி ஸ்பானரால் பார்த்தே வைத்தோம். அக்கருவியை அன்பரும் அவர் பக்கத்துத் தோட்டக்காரர் இருவரும் பங்கிட்டு வாங்கியிருக்கின்றனர்.

வலப்பக்கத்துப் புது இணைப்பு புதன்கிழமையே வந்து சேர்ந்தது. அன்று மாலை, வண்டியை முழுதாகத் திருப்பி மெதுவாக ஓட்டிப் பார்த்தோம், ஓசை இல்லை. அன்பர் தார்ச்சாலையிலும் நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டியே ஓட்டிவந்தார் என்பதும் அப்போது வெளிப்பட்டது. வளைவில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தூரம் ஓடவேண்டியிருப்பதால், பிடிப்புள்ள சாலையில் அவ்வாறு ஓட்டினால் இணைப்புகள் வீணே முறுக்குண்ணும். இப்போது தடிக்காரன்கோணம் கடந்து சேறு தொடங்கும் இடத்தில்தான் நெம்புகோலைப் போடுகிறார். மாதமொருமுறை முன்சக்கரத்தைத் திருப்பி நிறுத்தி, மடிப்புகளை விரலால் விரித்துப் பார்க்கிறார். சென்ற வாரம் நாம் போனபோது, நமக்கும் ஒரு டார்ச்சு விளக்கைத் தந்து குனியச் சொன்னார்.