வலி தெரியாத பாதங்கள்

நீரிழிவு என்றதும் அடங்காத தாகமும், அடிக்கடி சிறுநீர் கழிதலும், உடல் மெலிவுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. இந்நோய் நரம்புகளையும் தாக்கும் என்பதும், அதன் விளைவாகவே பலர் காலை இழக்க நேரிடுகிறது என்பதும் அவ்வளவாக உணரப்படவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பெற்று 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு. ஆகவே இஃது யாரோ சிலரைப் பற்றிய செய்தி அன்று.

இரத்தத்தில் குளூக்கோஸ் பல ஆண்டுகள் மிகுந்தே இருப்பின், நரம்பு இழைகளும் அவற்றுக்கு ஊட்டமளிக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் சீர்கேடு அடைகின்றன. முதுகுத்தண்டின் அருகிலிருந்து கால்விரல் நுனிவரை செல்லும் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுடையது. இத்தகைய நீண்ட இழைகளே முதலில் பழுதுறுகின்றன. அதனால்தான் கோளாறு கால்விரல்களில் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல் மேலேறி, பின்னர் கைவிரல்களையும் எட்டுகிறது. சிலருக்கு இரவில் உள்ளங்கால் எரிச்சலும் குத்தலும் உண்டாகும். இவர்களை ஒருவகையில் பாக்கியசாலிகள் என்றே கூறலாம். எரிச்சல் அவர்களை மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறது. வேறு சிலருக்கோ யாதொரு தொல்லையுமின்றி ஸ்பரிச உணர்ச்சி மங்கிவிடுகிறது. செருப்பு காலைவிட்டு நழுவியதையும் அறியாமல் அவர்கள் நடந்து செல்வதுண்டு.

பாதத்தின் சிறு தசைகளுக்குரிய நரம்புகளும் நலிவதால் விரல்கள் வளைகின்றன. உடலின் பாரம் முன்பாதத்தில் ஓரிரு இடங்களிலேயே குவிகிறது. வியர்வை குன்றித் தோல் வறண்டு, குதிகாலில் வெடிப்புகள் தோன்றுகின்றன. பாரம் விழும் இடத்தில் தோல் காய்த்துத் தடிக்கிறது. அத்தடிப்பின் அடியில் சதை நசுங்கிப் புண்ணாகிறது. வலி தெரிந்தவர் நொண்டி நடப்பார். அந்த நொண்டலே புண்ணுக்கு ஓய்வு. வலி தெரியாதவரோ புண்ணின் மீதே ஊன்றி நடக்கிறார். கிருமிகள் புகுந்து சீழ் எலும்பை எட்டிய பின்னர், அதுவும் இரத்த ஓட்டம் குறைந்த காலாயின், அதைத் துண்டிப்பதைத் தவிர வேறு வழி இல்லாமற்போகலாம்.

வலியின்மையே அங்கத்தை அழிக்கிறது என்பதைத் தெளிவாக்கியது மற்றொரு நோய். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை எனக் கண்டார். உணர்ச்சி அற்றிருப்பதால் தீச்சூடு, சிராய்ப்பு, இரவில் எலிக்கடி முதலியவற்றை அவர்கள் அறிவதில்லை; காயத்தின்மேல் காயம் பட்டு விரல்கள் சிறுகச் சிறுகத் தேய்கின்றன. புண்பட்ட பாதத்துக்குப் பிளாஸ்டர் கட்டும், ஆறிய பாதத்துக்கு மிருதுவான ரப்பர் செருப்பும் அங்கே பயன்படுத்தப்பட்டன. 1966-இல் அவர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். இம்முறைகள் பின்னர் நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் கையாளப்பட்டன.

உள்ளுறுப்புகளை இயக்கும் நரம்புகளும் தப்புவதில்லை. எழுந்து நிற்கையில் தலைசுற்றல், உண்ட உணவு இரைப்பையில் தங்குதல், சிறுநீர்ப்பை முழுதும் ஒழியாமை ஆகியன இதனால் நேரலாம். மாரடைப்புங்கூட மார்புவலியின்றி வந்து, கவனிக்கப்படாமலே போகலாம்.

பழுதுற்ற நரம்பை முற்றிலும் பழைய நிலைக்குக் கொணரும் மருந்து இல்லை. எரிச்சலைத் தணிக்கும் மருந்துகளே உள்ளன. ஆனால் தடுத்தல் இயலும். இன்சுலினை நம்பி வாழும் வகை நீரிழிவுடைய 1,441 பேரைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நடைபெற்று 1993-இல் வெளியான ஆய்வில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியோரிடம் நரம்புக் கோளாறு சுமார் 60 சதவிகிதம் குறைந்தது. முதிர்ந்த வயதில் வரும் வகையில் இப்பலன் இவ்வளவு பெரிதாக இல்லை. மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் உண்போருக்கு வைட்டமின் பி-12 குறைந்தும் கால் மரத்துப்போகலாம். அதையும் சோதித்தறிதல் வேண்டும்.

உணர்ச்சியைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையொன்றை மருத்துவர் உள்ளங்காலில் சில இடங்களில் ஊன்றுவார்; அதை உணராத பாதம் ஆபத்துக்குட்பட்டது. அத்தகையோர் வீட்டினுள்ளும் வெறுங்காலுடன் நடத்தலாகாது. வெந்நீரின் சூட்டைக் காலால் அன்றி முழங்கையால் பார்த்தல் வேண்டும். நாள்தோறும் இரவில் பாதங்களைப் பார்வையிடல் வேண்டும். குனிந்து உள்ளங்காலைக் காண இயலாதவர் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.