இனிப் பிரிக்கத் தையல் இல்லை

“அக்கா, ரெண்டு தையலும் பிரிச்சாச்சு. இனிப் பிரிக்கத் துணி இல்ல” என்று ரவிக்கையைத் திருப்பித் தந்தார் தையல்காரர். பதற்றத்துக்காகப் பராக்ஸெட்டின் சாப்பிடத் தொடங்கி எட்டு மாதம். 58 கிலோ 65 ஆகியிருந்தது.

கோபத்தில் மாத்திரையை நானே நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலைசுற்றல். மண்டைக்குள் சுரீர் சுரீரென்று மின்சாரம் பாய்ந்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் திட்டவில்லை. தைராய்டு, சர்க்கரை பார்க்கச் சொன்னார். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் மாத்திரைகளில் எடை கூட்டுவதில் பராக்ஸெட்டினும் மிர்டாசபினும் முன்வரிசையாம். மிர்டாசபின், மூளையில் ஹிஸ்டமினைத் தடுத்துப் பசியைக் கிளப்பும். அப்புறம் கேட்டார்: “முன்னாடி ஒழுங்கா சாப்பிட்டீங்களா?” எங்கே? பயத்தில் அரை இட்லிகூட இறங்காது. ஏறிய 7 கிலோவில் கொஞ்சம், இழந்ததை மீட்டதுதான்.

நான் நிறுத்திய மாத்திரையை மறுபடி தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து செர்ட்ராலினுக்கு மாற்றினார். இரவு பத்து மணி மிக்சர் டப்பாவை நான் பரணில் ஏற்றினேன் (அந்தப் பழியை முழுக்க மாத்திரைமேல் போட முடியாது). சாயங்காலம் அரை மணி நடை. ஆறு மாதத்தில் 3 கிலோ குறைந்தது, அவ்வளவுதான்.

மாத்திரை தொடங்கும் அன்றே எடையைக் குறித்து வையுங்கள். ஏறினால் டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மட்டும் நிறுத்தாதீர்கள்.